“அல்லது அதற்கு இணையானது”: உப்பிய கெபாசிட்டர்கள், 1999–2007 – ஒரு நிகழ்வு ஆய்வு

மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி விரல் நுனி அளவில் நின்று, மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர், ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் அலுவலகப் பயன்பாட்டில் பத்தாண்டு தாங்கும். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, உலகமெங்கும் விற்ற கணினிகளிலும் மானிட்டர்களிலும் பவர் சப்ளைகளிலும் இவை ஓரிரு ஆண்டுகளில், சில நேரம் சில மாதங்களிலேயே, தலை உப்பிப் பழுப்பாகக் கசிந்தன. தொழில் வட்டாரத்தில் இதற்குக் ‘கெபாசிட்டர் பிளேக்’ என்று பெயர் வந்தது. சில சென்ட் விலையுள்ள ஒரு பாகம் பல கோடி டாலர் இழப்பை உண்டாக்கிய நிகழ்வு இது.

வடிவமைப்பையும் தயாரிப்பையும் வெளிநாட்டுக்கு விட்டதால் தரம் கெட்டது என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வரியில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஜப்பானில் பெயர்பெற்ற நிறுவனத்தின் கெபாசிட்டர்களும் இதே காலத்தில் கெட்டன. ஆகவே நாட்டைக் குற்றம் சொல்வதைவிட, ஒரு பாகத்தைப் பற்றிய அறிவு ஒப்பந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் அறுந்தது என்று பார்ப்பதே பயன் தரும்.

சங்கிலி

1990களின் பிற்பகுதிக்குள் மேசைக் கணினிப் பலகைகளின் வடிவமைப்பும் பொருத்தும் வேலையும் பெருமளவில் தைவான் நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. அந்த நிறுவனங்களின் ஆலைகளோ சீனப் பெருநிலத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன. பெட்டியில் பெயர் போடும் அமெரிக்க நிறுவனம் என்ன வேண்டும் என்று சொல்லும். சர்க்யூட்டை வரைவது, பாகங்களைத் தேர்ந்தெடுப்பது, வாங்குவது, பொருத்துவது, சோதிப்பது எல்லாம் ஒப்பந்ததாரர் பொறுப்பு. அவர் கெபாசிட்டரை இன்னொருவரிடம் வாங்குவார். கெபாசிட்டர் செய்பவர் பொறித்த அலுமினியத் தாளை ஒருவரிடமும், மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரோலைட் திரவத்தை மற்றொருவரிடமும் வாங்குவார். பெட்டிக்குப் பொறுப்பானவருக்கும் திரவத்தைக் கலப்பவருக்கும் இடையே மூன்று ஒப்பந்தங்கள் நின்றன. விலை ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டிருக்கும். திரவத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது எதிலும் எழுதப்படுவதில்லை.

பாகப் பட்டியலில் ஒரு பாகத்தின் எதிரே எழுதப்படும் “அல்லது அதற்கு இணையானது” என்ற சொற்றொடர்தான் வாங்கும் பிரிவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், 105 டிகிரி, 10 மில்லிமீட்டர் விட்டம், குறைந்த ஈ.எஸ்.ஆர். (கெபாசிட்டரின் உள் மின்தடை) – இவ்வளவும் பொருந்தினால் காகிதத்தில் அது இணையான பாகம். எலக்ட்ரோலைட்டின் வேதியியலுக்கு டேட்டாஷீட்டில், அதாவது பாகத்தின் விவரத்தாளில், ஒரு வரிகூடக் கிடையாது.

உருளைக்குள் நடப்பது

இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே எலக்ட்ரோலைட்டில் ஊறிய காகிதம், எல்லாவற்றையும் சுருட்டி அலுமினியக் குப்பியில் அடைத்து அடியில் ரப்பர் மூடி. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது காகிதம் அல்ல. நேர்முனைத் தாளின்மேல் வளர்த்த அலுமினிய ஆக்சைடு படலம். அதன் தடிமன் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர். 6.3 வோல்ட் கெபாசிட்டரில் இந்தப் படலம் பத்துப் பதினைந்து நானோமீட்டர்தான் இருக்கும். அந்தப் படலத்தில் விழும் சிறு ஓட்டைகளை எலக்ட்ரோலைட்டும் மின்னழுத்தமும் சேர்ந்து தொடர்ந்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பென்டியம் 4 காலத்தில் பிராசஸர் 80 வாட் வரை இழுத்தது, மின்னழுத்தமோ 1.5 வோல்ட். அதாவது 50 ஆம்பியருக்கும் மேல். இதைத் தரும் ரெகுலேட்டர் நொடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடுகிறது. அந்த அலைவு முழுவதையும் இந்தக் கெபாசிட்டர்கள்தான் விழுங்குகின்றன. உள்ளே பிறக்கும் வெப்பம், ரிப்பிள் எனப்படும் அந்த அலைவு மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஈ.எஸ்.ஆரால் பெருக்கிய அளவு. 2 ஆம்பியர் ரிப்பிள், 20 மில்லிஓம் ஈ.எஸ்.ஆர். என்றால் 0.08 வாட். ஈ.எஸ்.ஆர். மூன்று மடங்கானால் 0.24 வாட்; அந்தச் சிறு குப்பி அதைத் தாங்காது.

ஆகவே குறைந்த ஈ.எஸ்.ஆர். கட்டாயமாயிற்று. எத்திலீன் கிளைக்கால் அடிப்படையிலான பழைய எலக்ட்ரோலைட்டில் தண்ணீர் குறைவு, மின்கடத்தலும் குறைவு. தண்ணீரைக் கூட்டினால் மின்கடத்தல் ஏறும், விலை இறங்கும். ஜப்பானின் ரூபிகான் 1990களின் இறுதியில் 40 சதவீத அளவுக்குத் தண்ணீர் கொண்ட எலக்ட்ரோலைட்டோடு கெபாசிட்டர் வரிசைகளை வெளியிட்டது. அவை நன்றாகவே உழைத்தன.

ஆனால் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும். ஆக்சைடு படலத்தில் இடைவெளி கிடைத்தால் தண்ணீரும் அலுமினியமும் வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும், கூடவே வெப்பமும். வெப்பம் வினையை விரைவுபடுத்தும். ஹைட்ரஜன் குப்பிக்குள் அழுத்தமாகச் சேரும். இதைத் தடுப்பதற்காகவே எலக்ட்ரோலைட்டில் இரண்டு வகைச் சேர்மங்களைப் போடுகிறார்கள். பாஸ்பேட் போன்றவை அலுமினியத்தின்மேல் படிந்து தண்ணீரை விலக்கும். வேறு சில, பிறக்கும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். எடையில் சிறு பங்குதான் என்றாலும், இவை இல்லாவிட்டால் கெபாசிட்டர் தன்னையே அரித்துக்கொள்ளும்.

திருடிய சூத்திரம்

2002 செப்டம்பரில் தொழில்துறை இதழொன்றிலும், 2003 பிப்ரவரியில் ஐ.ட்ரிபிள்.ஈ. ஸ்பெக்ட்ரம் இதழிலும் வந்த செய்தி இதுதான்: ரூபிகானில் பணியாற்றிய விஞ்ஞானி ஒருவர் சீனாவில் உள்ள வேறொரு நிறுவனத்துக்குப் போய், அங்கே தண்ணீர் மிகுந்த எலக்ட்ரோலைட்டின் நகலை உருவாக்கினார். அங்கிருந்த ஊழியர்கள் அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறி, அதன்படி செய்த எலக்ட்ரோலைட்டைத் தைவான் கெபாசிட்டர் ஆலைகளுக்கு விற்றார்கள். அந்தச் சூத்திரம் முழுமையானதாக இல்லை. இந்தத் திருட்டுக் கதை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டது அல்ல. ஆனால் ஏதோ விடுபட்டிருந்தது என்பதை ஆய்வகம் காட்டியது.

கிரெய்க் ஹில்மன், நார்மன் ஹெல்மோல்ட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட கெபாசிட்டர்களைத் திறந்து பகுப்பாய்வு செய்தார்கள். உள்ளே ஹைட்ரஜன் இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சேர்மங்களின் தடயமே இல்லை. நல்ல எலக்ட்ரோலைட்டின் பி.எச். 4 அருகே, மெல்லிய அமிலமாக இருக்கும். உப்பியும் இன்னும் வெடிக்காதவற்றில் அது 7க்கும் 8க்கும் இடையே இருந்தது. காரத்தில் அலுமினியம் கரையும். திரவத்தில் கரைந்த அலுமினியமும் தென்பட்டது.

மதர்போர்டு நிறுவனங்களில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது ஏபிட் ஒன்றுதான். மற்றவை ஓசையில்லாமல் பலகைகளை மாற்றிக் கொடுத்தன, அல்லது கொடுக்கவில்லை.

ஏன் நுழைவாயிலில் பிடிபடவில்லை

ஆலைக்குள் வரும் பாகங்களை யாரும் சோதிக்காமல் விட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சோதனை நடக்கத்தான் செய்யும். கோளாறு, அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது.

10,000 கெபாசிட்டர் கொண்ட ஒரு லாட் (தொகுப்பு) வந்தால், மாதிரி எடுப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணையின் பொது நிலை 2இன்படி 200 எடுக்க வேண்டும். ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க பழுது வரம்பு, 0.65 சதவீதம் என்றால் 3 பழுது வரை லாட்டை ஏற்கலாம், 4 வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த 200க்கும் 120 ஹெர்ட்ஸில் கெபாசிட்டன்ஸ், 100 கிலோஹெர்ட்ஸில் ஈ.எஸ்.ஆர்., இரண்டு நிமிடம் முழு மின்னழுத்தத்தில் வைத்துக் கசிவு மின்னோட்டம் ஆகியவற்றை அளப்பார்கள். 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட்டுக்குக் கசிவு வரம்பு பொதுவாக 95 மைக்ரோஆம்பியர் அளவில் இருக்கும். பாஸ்பேட் இல்லாத கெபாசிட்டர் இந்த மூன்றிலும் தேறிவிடும். தண்ணீர் கூடுதலாக இருப்பதால் ஈ.எஸ்.ஆரில் நல்ல மதிப்பெண்ணே வாங்கும். புதிதாக இருக்கும்போது நல்லதையும் கெட்டதையும் மின்னளவையால் பிரிக்க முடியாது. மாதிரியை 200இலிருந்து 2,000 ஆக்கினாலும் விடை அதேதான்.

பலகை பொருத்திய பிறகு நடக்கும் சோதனைகளும் அப்படியே. 24 மணி நேரமோ 48 மணி நேரமோ சூடான அறையில் ஓட்டுவது ஈயப்பற்று விட்டதையும் முதல் நாளே சாகும் ஐ.சி.க்களையும் காட்டும். மாதக்கணக்கில் நகரும் அரிப்பு அதில் தெரியாது.

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்ற கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். 105 டிகிரியில் 2,000 மணி என்று எழுதிய கெபாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி ஓடும். நாளுக்கு 10 மணி, ஆண்டுக்கு 250 நாள் என்றால் 12 ஆண்டுக்கு மேல். இரவு பகலாக ஓடினால் மூன்றரை ஆண்டுதான். வடிவமைப்பாளர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் இந்த விதி, எலக்ட்ரோலைட் ரப்பர் மூடி வழியே மெல்ல ஆவியாகிக் காய்வதற்கானது. உள்ளேயே வாயு பிறக்கும் கெபாசிட்டருக்கு இது பொருந்தாது. மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடந்தாலும் அது கெடும்.

டெல் ஆப்டிபிளெக்ஸ்

பொதுவெளியில் அதிகம் பதிவானது டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் மேசைக் கணினி வழக்கு. 2003 மே முதல் 2005 ஜூலை வரை, ஜி.எக்ஸ். 270, ஜி.எக்ஸ். 280 போன்ற, கோளாறுக்கு இடமுள்ள கணினிகளில் குறைந்தது 1.18 கோடி அனுப்பப்பட்டன. அவற்றில் இருந்த கெபாசிட்டர்கள் ஜப்பானின் நிச்சிகான் தயாரித்தவை. அதன் எச்.எம்., எச்.என். வரிசைகள் பழுதுபார்ப்பவர்களிடையே இன்றும் பேர்போனவை. திருட்டுச் சூத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. எலக்ட்ரோலைட்டை அளவுக்கு மீறி நிரப்பியதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நல்ல பெயர் பார்த்து வாங்கினால் போதும் என்ற எண்ணத்துக்கு இதில் நேரடியான பதில் இருக்கிறது.

2005இல் டெல் இதற்கென 30 கோடி டாலர் ஒதுக்கியது, உத்தரவாதத்தை நீட்டித்தது. 1.18 கோடியால் வகுத்தால் ஒரு கணினிக்கு 25 டாலர். ஒரு பலகையில் 20 கெபாசிட்டர் என்றும், மலிவானதை வாங்கி ஒவ்வொன்றிலும் 2 சென்ட் மிச்சப்படுத்தியதாகவும் வைத்துக்கொண்டால் மிச்சம் 40 சென்ட். இது ஒரு மாதிரிக் கணக்குதான். இருந்தாலும் வாங்கும் பிரிவின் சுவரில் எழுதி வைக்கத்தக்கது.

2007இல் வாடிக்கையாளர் நிறுவனமொன்று தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளிவந்தன. மூன்றாண்டில் 97 சதவீதம் வரை கோளாறு வரலாம் என்று டெல்லின் சொந்த ஆய்வே கணித்திருந்தது அவற்றில் தெரிந்தது. பலகையில்தான் பழுது என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தல் போயிருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையிடம், கடினமான கணக்குகளைப் போட்டுக் கணினிகளை வருத்தியதே காரணம் என்று சொல்லப்பட்டது. மாற்றிக் கொடுத்த பலகைகளிலும் அதே வகைக் கெபாசிட்டர்கள் இருந்ததாகப் புகார் உண்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

பணத்தைவிட இந்தக் கடைசிப் புகார்தான் தயாரிப்பில் இருப்பவர்களைக் கூடுதலாக உறுத்த வேண்டும். எந்த ரீல் (பாகங்கள் வரும் சுருள்), எந்தப் பலகை எண்ணுக்குப் போனது என்ற பதிவு கையில் இருந்தால் பழுதான லாட்டை மட்டும் தனியே பிரித்துவிடலாம். பதிவு இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அல்லது கண்ணை மூடிக்கொண்டு கிடங்கில் இருப்பதைக் கொடுக்க வேண்டும்.

ஆப்பிளும் 2004 செப்டம்பருக்கும் 2005 ஜூனுக்கும் இடையே விற்ற ஐமேக் ஜி5 கணினிகளுக்கு வீடியோ, பவர் கோளாறுகளுக்கான நீட்டித்த பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. காரணம் அதே உப்பிய கெபாசிட்டர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

ஆயுளைத் தீர்மானிக்கும் பாகங்கள் ஒரு பலகையில் ஐந்தாறு வகைதான்: எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர், பவர் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்), கனெக்டர், ஃபேன், ரிலே, பேட்டரி. இவற்றுக்கு மட்டுமாவது தயாரிப்பாளர் பெயர், வரிசைப் பெயர், முழுப் பாக எண் என மூன்றையும் எழுத வேண்டும். “இணையானது” என்ற சொல்லை எடுத்துவிட்டு, முன்கூட்டியே சோதித்த இரண்டாவது மூன்றாவது பாக எண்களையும் அதே வரியில் கொடுக்க வேண்டும். மாற்றுப் பாகமே இல்லாமல் பூட்டினால், தட்டுப்பாடு வரும் வாரத்தில் ஒப்பந்ததாரர் இடைத்தரகரிடம் போய்விடுவார், பூட்டியும் பயனில்லை. முடிந்தால் இந்த ஐந்தாறு பாகங்களை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் நீங்களே வாங்கி ஆலைக்கு அனுப்புவது மேல். மின்தடைகளையும் சிறு செராமிக் கெபாசிட்டர்களையும் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்.

மாற்றத்துக்கான முன்னறிவிப்பு 90 நாள் என்பது தொழிலில் வழக்கம். அந்த விதி பலகை செய்பவரோடு நின்றால் போதாது. கெபாசிட்டர் செய்பவர் எலக்ட்ரோலைட்டையோ ரப்பர் மூடியையோ ஆலையையோ மாற்றினாலும் அறிவிக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

இனி சோதனை. ஒவ்வொரு பாக எண்ணுக்கும் குறைந்தது இரண்டு வெவ்வேறு தயாரிப்புத் தேதிக் குறியீடுகளிலிருந்து 22 வீதம் எடுங்கள். 22இல் ஒன்றும் கெடாவிட்டால், தோல்வி விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழே என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 1 சதவீதம் என்று சொல்ல 230 வேண்டும். பிழையான எலக்ட்ரோலைட் லாட் முழுவதையும் கெடுப்பதால் 22 போதுமானது. முதலில் ஒவ்வொன்றையும் மில்லிகிராம் தராசில் எடைபோட்டு எண் எழுதுங்கள். பாதியை 105 டிகிரி அடுப்பில், முழு மின்னழுத்தமும் ரிப்பிளும் கொடுத்து வையுங்கள். மறுபாதியை அதே வெப்பத்தில் மின்னழுத்தமே இல்லாமல் வையுங்கள். 250, 500, 1,000 மணியில் எடுத்து ஆறவிட்டு எடை, கெபாசிட்டன்ஸ், ஈ.எஸ்.ஆர்., கசிவு, குப்பியின் உயரம் ஆகியவற்றை அளக்க வேண்டும்.

இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மின்னழுத்தம் இருக்கும்போது ஆக்சைடு படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். இல்லாதபோது தண்ணீரின் தாக்குதல் மட்டும் நடக்கும். தடுப்புச் சேர்மம் இல்லாத எலக்ட்ரோலைட் இங்கேதான் முதலில் அகப்படும்: கசிவு மின்னோட்டம் பல மடங்கு ஏறும், தலை மேடாகும். எடை குறையாமலேயே தலை உப்பினால் உள்ளே வாயு பிறக்கிறது என்று பொருள். எடை குறைந்து, கெபாசிட்டன்ஸும் குறைந்தால் அது மூடியின் கோளாறு.

1,000 மணி என்பது 42 நாள். அட்டவணையில் அந்த 42 நாளுக்கு இடமில்லை என்ற பேச்சுத்தான் எப்போதும் எழும். முதல் உற்பத்திக்கு முன்பே, மாதிரிப் பலகை வரையும் வாரத்திலேயே அடுப்பை மூட்டிவிட்டால் அட்டவணை தள்ளாது. சந்தேகமான லாட்டில் இரண்டைத் திறந்து பி.எச். தாளை வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பாஸ்பேட் உள்ளதா என்பதை வேதியியல் ஆய்வகம் அயன் குரோமட்டோகிராஃபி மூலம் சொல்லிவிடும்.

பலகையில் மாற்றுவோருக்கு

திடீரென ரீஸ்டார்ட் ஆவது, சூடேறினால் உறைவது, காலையில் மட்டும் கிளம்ப மறுப்பது ஆகியவை அறிகுறிகள். தலையிலுள்ள, அழுத்தம் வெளியேறுவதற்கான கீறல் மேடானால் தெளிவு, 6.3 மில்லிமீட்டருக்கும் குறுகியவற்றில் பெரும்பாலும் கீறல் இருக்காது, அடி ரப்பர் வழியே கசிந்து சாய்ந்து நிற்கும். ஒன்று உப்பியிருந்தால் அதே வரிசையில் உள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

மதர்போர்டின் கிரவுண்ட் அடுக்கு வெப்பத்தை உறிஞ்சிவிடும். 25 வாட் சால்டரிங் இரும்பால் போராடிக் கெபாசிட்டரின் காலை இழுத்தால் துளையின் உள்ளே இருக்கும் செம்புப் பூச்சு கூடவே வந்துவிடும். பலகை அதோடு போயிற்று. 60 வாட்டும் அகன்ற முனையும் வேண்டும். முதலில் ஈயம் கலந்த புது சால்டரைச் சேர்த்து உருகுநிலையை இறக்கி, இரண்டு காலையும் மாறி மாறி அசைத்து எடுக்க வேண்டும். கசிந்த திரவத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, பவர் கொடுப்பதற்கு முன் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மின்னழுத்தம் அதே அளவோ கூடுதலோ, ஈ.எஸ்.ஆர். பழையதை ஒட்டியதாகவோ குறைந்ததாகவோ இருக்க வேண்டும். பிராசஸர் பக்கத்து வெளியீட்டுக்குத் திடப் பாலிமர் வகை பொருந்தும். அதில் காய்வதற்குத் திரவமில்லை. 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகும்.

அக்காலக் கெபாசிட்டர்கள் இன்னும் பழைய இருப்பாக விற்பனைக்கு வருகின்றன. நெடுநாள் கிடந்த நல்ல எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு 1 கிலோஓம் மின்தடை வழியே முழு மின்னழுத்தத்தை ஒரு மணி நேரம் கொடுத்தால் படலம் மீண்டும் வளர்ந்து, கசிவு இறங்கிவிடும். 1999–2007 காலத்துச் சந்தேகத்துக்குரிய வரிசைகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அந்த ஒரு மணி நேரமும் உள்ளே ஹைட்ரஜன்தான் சேரும்.